திடலையும் கேட்டு வாங்குவோம்

(நிபோங் திபால் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், போனஸ், வீடு, மருந்து என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பந்து விளையாட்டுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு. நம் தோட்டங்களில் காற்பந்துக் குழுக்கள் எப்படி எழுந்தன, நம் பெண்களின் வலைப்பந்து ஏன் பள்ளிக்கூட வாசலோடு நின்றது, இரண்டுக்கும் இடம் கொடுத்த திடல்கள் எங்கே போயின என்று சேர்த்துப் பார்த்தால், அதுவும் நம் கூலிக் கணக்கைப் போல ஒரு கணக்குத்தான்.

நம் வட்டாரத்தை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊரை ஒட்டிக் கிரியான் ஆறு. தெற்கே கொஞ்சம் போனால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். சுற்றிலும் ஜாவி, சங்காட், பைரம், கலிடோனியா, விக்டோரியா, வால்டோர், டிரான்ஸ்கிரியான், பத்து காவான் என்று தோட்டப் பெயர்கள். இங்கே முதலில் இருந்தது கித்தா அல்ல, கரும்பு. கரும்புக் காட்டுக்குத்தான் 19-ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பும் போய், பால்மரம் வந்தது.

பால்மரம் வந்ததும் பந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் விஷயம் இருக்கிறது. கரும்பு ஆலை பொழுது பார்க்காது. கித்தா மரமோ பொழுது பார்க்கும் மரம். விடியற்காலையில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறையும். அதனால்தான் இருட்டில் பிரட்டுக்குப் போய், விடிவதற்குள் நிரையில் நிற்கிறோம். மரம் வெட்டி, மங்கில் பால் சேரும்வரை காத்து, எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது பகல் சாய ஆரம்பிக்கும். பொழுது அடையும்வரை ஓர் இரண்டு மணி நேரம் நம் ஆண்பிள்ளைகளுக்கு மிச்சம். அந்த இரண்டு மணி நேரத்தில் பிறந்ததுதான் தோட்டக் காற்பந்து. (பெண்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறோம், அதைச் சொல்லாமல் இறங்கப் போவதில்லை.)

கிராணிமார் மட்டும் செக்ரோல் புத்தகத்தை மூடிவிட்டு வர நேரமாகும். நடு ஆட்டக்காரர் ஆபீஸில் கூட்டல் போட்டுக்கொண்டிருக்க, வெளித்தோட்டத்துக் குழு திடலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கதைகள் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். இதிலும் ஒரு நன்மை இருந்தது. லயத்தில் இருப்பவன் கிராணி வீட்டு வாசற்படி ஏறத் தயங்கிய காலம் அது. பந்துக்கு முன்னால் அந்தத் தயக்கம் நிற்கவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டவரை மாலையில், ‘பந்தைத் தள்ளுங்க ஐயா!’ என்று அதட்ட முடிந்தது.

திடலை யார் கொடுத்தார்கள்? தோட்ட நிர்வாகம் கொடுத்தது. மறுப்பதற்கில்லை. துரைமார் பலர் தாங்களே ஆடியவர்கள். ஆனால் ஏன் கொடுத்தார்கள் என்று நாம் யோசிக்கக் கூடாதா? கூலியை ஒரு காசு ஏற்றுவதைவிட வருஷத்துக்கு இரண்டு பந்து வாங்கிக் கொடுப்பது மலிவு. கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே, திடலும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தால் ஆள் வெளியே போகமாட்டான். நல்ல மனத்தோடு கொடுத்த துரைகளும் இருந்திருக்கலாம். எனினும் கொடுத்தது சலுகை, உரிமை அல்ல. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வர அனுமதி வேண்டும். 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள் அல்லவா? அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி மட்டுமா இருந்தது? உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போக வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவையும் இருந்தன. பக்கத்துத் தோட்டத்து மச்சானை ஆட்டத்துக்கு அழைப்பதற்கும் அனுமதி கேட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள்.

இனி, வெளியுலகத்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்போம். மலாயாக் கிண்ணம் என்று நம் பாட்டன்மார் சொன்னது எப்படி வந்தது? ‘மலாயா’ என்ற பெயரில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இருந்தது. அதைக் கட்டப் பணம் கொடுத்தது கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். அந்த மாநிலங்களின் வருமானம் எதிலிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. 1921-இல் அந்தக் கப்பல் மலாயாவுக்கு வந்தது. மாலுமிகள் ஊர் ஊராக நம்மவர்களோடு பந்தாடினார்கள். போகும்போது நன்றியாகக் காற்பந்துக்கு ஒரு கிண்ணமும் ரக்பிக்கு ஒரு கிண்ணமும் கொடுத்தார்கள். கப்பலில் நம் வேர்வையும் இருந்தது. ஆகவே கிண்ணத்திலும் கொஞ்சம் இருந்தது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கிண்ணத்தின் முதல் ஆட்டமே பினாங்குக்கும் சிலாங்கூருக்கும் நடந்தது. 1921 ஆகஸ்டு 20. பினாங்கு 5க்கு 1 என்று தோற்றது. பிறகு கிண்ணத்தைத் தொட 32 வருஷம் ஆயிற்று: 1953, மறுவருஷம் 1954, பிறகு 1958. மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியபின் 1974-இல் ஒரு முறை, பேராக்கை வென்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து உறவினர்கள் அந்த வருஷம் நம்மோடு எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

தோட்டத்து ஆட்டம் பெரும்பாலும் வெறுங்கால் ஆட்டம். பூட்ஸ் வாங்கும் காசில் ஒரு குடும்பம் எத்தனை நாள் அரிசி வாங்கும் என்று கணக்குப் பார்த்த காலம். வெறுங்காலைப் பற்றி நம் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டாம். 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் குழு ஏறக்குறைய முழுவதும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைப் பட்டாளத்துக் குழுவை 2க்கு 1 என்று தோற்கடித்துக் கேடயம் வாங்கியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவில் பலர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். தோற்றார்கள் என்றாலும் 2க்கு 1 வரை போராடித் தோற்றார்கள்.

குழுக்கள் வளர்ந்தன என்று ஒரே நேர்கோட்டில் சொல்லிக்கொண்டு போக முடியாது. இரண்டு முறை அடியோடு சரிந்தன. முதல் முறை ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்தது. அதன்பின் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். பிடித்தது யாரை? ஓடக்கூடிய காலும் தூக்கக்கூடிய தோளும் உள்ளவர்களை. பந்தாடியவர்களும் அவர்களேதானே! ஆயிரம் ஆயிரமாய்ப் போனார்கள். பாதைக்குப் பக்கத்துக் காடுகளிலேயே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். பல தோட்டங்களில் போருக்கு முந்திய குழு என்று ஒன்று இருந்ததைச் சொல்ல ஆளே மிஞ்சவில்லை.

இரண்டாம் முறை 1948-இல் தொடங்கிய அவசரகாலம். ஊரடங்கு, முள்கம்பி வேலி, அரிசிப் பங்கீடு, சோதனைச் சாவடி. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். மாலை ஆட்டம் என்பது ஊரடங்கு நேரத்தோடு மோதும் ஆட்டம். லாரியில் ஆள் ஏற்றி அடுத்த தோட்டத்துக்குப் போவதென்றால் சும்மாவா? அவசரகாலம் முடிந்தது 1960-இல்.

இதற்கிடையில் 1954-இல் பல தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அந்த வருஷமே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. துங்கு அப்துல் ரகுமான் நாட்டுக்குப் பிரதமர், காற்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். 1958, 1959 இரண்டு வருஷமும் மலாயாவே வென்றது. 1960-இல் கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. 1959-இல் இரண்டாம் இடம் இந்தியாவுக்கு. வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எந்தப் பக்கம் கை தட்டுவது என்று திணறியிருப்பார்கள். தட்டியது மலாயாவுக்குத்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு வந்த பெயர்கள் உங்களுக்குத் தெரியும். 1972-இல் மலேசியா மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போனபோது தற்காப்பில் நின்ற எம். சந்திரன். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியபோதும், 1980-இல் தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோதும் கோலில் நின்ற ஆர். ஆறுமுகம். மாஸ்கோவுக்கு நாடு போகவில்லை, அது அரசியல். 1988 டிசம்பரில் கார் விபத்தில் ஆறுமுகம் மறைந்தார். 2010-இல் இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் கே. ராஜகோபால். இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய குழு ஒன்று 2018-இல் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2022 பருவத்தோடு விலகியும் விட்டது. உச்சியில் ஆடும் ஆள் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நாங்கள் சொல்வது ஒன்றுதான்: அடியில் திடல் போனால் உச்சியில் ஆள் எங்கிருந்து வருவான்?

திடலைப் பற்றிப் பேசுமுன், தாய்மார்களுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது.

வலைப்பந்து பெண்களுக்கென்றே அமைந்த ஆட்டம். 1891-இல் அமெரிக்காவில் பிறந்த கூடைப்பந்தை, இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளில் மாற்றி அமைத்தார்கள். 1901-இல் விதிகள் அச்சாயின. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆளுக்கு ஓர் எல்லை உண்டு, தாண்டக் கூடாது. எனவே ஒருத்தியே ஆடிக் காட்டிப் பெயர் வாங்க முடியாது. ஏழு பேரும் ஆடியாக வேண்டும். சங்கத்தாருக்குப் பிடித்த ஆட்டம் என்று சொல்லலாம். பல நாடுகளில் பல விதமாக இருந்த விதிகளை ஒன்றாக்க 1960-இல் கூட்டம் கூடியது எங்கே? இலங்கையில்! அதே இலங்கையின் யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கம், ஆறேமுக்கால் அடிக்கும் மேல் உயரம், 2009-இலும் 2018-இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கைக் குழுவில் கோல் போட்டவர்; ஆஸ்திரேலியா வரை போய் ஆடியவர். நம் நாடும் சளைத்ததல்ல. 1985-இல் முதல் ஆசிய வலைப்பந்துப் போட்டியில் மலேசியாவே வென்றது. காமன்வெல்த் விளையாட்டில் வலைப்பந்தைப் பதக்க ஆட்டமாக முதன்முதல் சேர்த்தது 1998-இல், கோலாலம்பூரில்.

இப்படிப்பட்ட ஆட்டம் நம் தோட்டத்துப் பெண்களிடம் ஏன் நிலைக்கவில்லை? ஆங்கிலப் பெண்கள் பள்ளிகள் வழியாக வந்த ஆட்டம் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்புவரை நம் பெண்கள் ஆடுகிறார்கள். மாவட்டப் பள்ளிகள் போட்டிக்கும் போகிறார்கள். அதன்பின் நின்றுபோகிறது. முந்திய தலைமுறையில் பெண் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போனாள். ‘வயசுக்கு வந்த பெண் குதிக்கலாமா?’ என்ற பேச்சு ஒரு பக்கம். ஆனால் பெரிய தடை அந்தப் பேச்சு அல்ல, மணிக்கணக்குத்தான். ஆணுக்குச் சமமாக மரம் வெட்டியவள், பால் தூக்கியவள், வீடு வந்ததும் ஆயாக் கொட்டகையிலிருந்து பிள்ளையை எடுத்து, குழாயடியில் தண்ணீருக்கு நின்று, விறகு பிளந்து, உலை வைத்தாள். திடலில் நம் அண்ணன்மார் ஓடிய அந்த இரண்டு மணி நேரத்தை லயத்தில் சமாளித்தது யார்? காற்பந்துக் குழுவின் படத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள். அவர்கள் சட்டையைத் துவைத்தவர்கள் படத்தில் இல்லை. இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

சாமான் இல்லை, காசு இல்லை என்ற சாக்கும் நிற்காது. காற்பந்தும் வலைப்பந்தும் சுற்றளவில், எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். பழகுவதற்கு அதுவே போதும். காற்பந்துத் திடலின் ஒரு மூலையில் வலைப்பந்துக் களம் அடங்கிவிடும். அண்ணன்மார் அந்த மூலையை விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவே.

சரி, அந்தத் திடல் எங்கே? 1950-களிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் நோய் தொடங்கியது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அசீஸ் எழுதிய அறிக்கை 1962-இல் வெளிவந்தது. சிறு துண்டு வாங்கியவனுக்குத் திடல் எதற்கு? நட்டு வைத்தால் காசு. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் தொழிற்பேட்டையும் வீட்டுமனையும் வந்தன. பத்து காவானைப் பாருங்கள். தோட்டமாக இருந்த இடம். 2000-ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுக்காக அங்கே மாநில விளையாட்டரங்கம் எழுந்தது. 40,000 பேர் உட்காரலாம். 2014-இல் பினாங்கின் இரண்டாம் பாலமும் அங்கே வந்து இறங்கியது. நல்லதுதான், வரட்டும். ஆனால் அந்த 40,000 நாற்காலியும் பார்க்க உட்காருவதற்கு. சாயந்தரம் ஐந்து மணிக்குப் பத்து வயதுப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓட, அவன் வீட்டு வாசலில் இருந்த திடலுக்கு அது ஈடாகுமா?

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. தோட்டம் கைமாறும்போது நாம் எதைக் கேட்கிறோம்? வீட்டைக் கேட்கிறோம். கோயிலைக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தைக் கேட்கிறோம், சுடுகாட்டையும் கேட்கிறோம். கேட்டதால்தான் பல பள்ளிகள் தோட்டமே இல்லாத இடத்திலும் தோட்டத்தின் பெயரோடு நிற்கின்றன. திடலை மட்டும் கேட்பதில்லை. திடல் வெறும் புல்தானே என்று விட்டுவிடுகிறோம். தோட்ட வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்பைப் படித்துப் பாருங்கள்: வீடு, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் ஆகியவற்றோடு சமூக வசதிகளையும் முதலாளி செய்து தர வேண்டும் என்பது அதன் நோக்கம் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு விரிவும் அடைந்தது. பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது கோரிக்கைத் தாளில் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே திடல் என்று ஒரு வரி எழுதிவைப்பதற்கு என்ன செலவு?

கேட்பதற்கு இரண்டு ஆதாரம் வேண்டும். ஒன்று, குழு பதிவாகியிருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டுக் குழுக்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். பதியாத குழு காகிதத்தில் இல்லாத குழு. அதற்கு மானியமும் கிடைக்காது, திடலும் கிடைக்காது. படிவம் நிரப்பக் கிராணிமார் நண்பர்கள் இருக்கும்போது நமக்கு என்ன கவலை? நடு ஆட்டத்தில் நின்ற கை இப்போது பேனா பிடிக்கட்டும். பதியும்போது பெண்கள் பிரிவையும் சேர்த்தே பதியுங்கள். இன்று தோட்டத்தில் நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் பந்து தெரியும். மாலை ஆட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.

மற்றொன்று, வரலாறு. இத்தனை வருஷமாக இந்த இடத்தில் ஆடினோம் என்று காட்ட வேண்டும். நம் வட்டாரத் தோட்டக் குழுக்களின் வரலாறு எந்த அலமாரியில் இருக்கும்? ஆணியில் தொங்கும் படங்களில் இருக்கிறது. முன்வரிசையில் காப்டன், காலடியில் கேடயம், பந்தின்மேல் சுண்ணாம்பால் எழுதிய வருஷம். பந்தின்மேல் இருக்கும் அந்த நான்கு இலக்கம் வழக்கறிஞருக்கு உபயோகப்படும் இலக்கம். படத்தில் நிற்பவர்களின் பெயர் சொல்லக்கூடிய பாட்டிமார் தாத்தாமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அவர் மரம் வெட்டியவரா, ஸ்டோரில் இருந்தவரா, டிரஸரா, எந்த டிவிஷன் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். பள்ளி வலைப்பந்துப் படம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். அவை மிகவும் குறைவு.

முடிவாக ஏற்பாடுகள். வலைப்பந்துக் கம்பம் 10 அடி உயரம். வளையம் 15 அங்குல அகலம். களம் 100 அடிக்கு 50 அடி. வளையம் பற்றவைக்கத் தெரிந்த தோழர்கள் பெயர் கொடுக்க வேண்டும். பழைய தண்ணீர்க் குழாய் வைத்திருக்கும் கிளைகள் அதைச் சொல்ல வேண்டும். படம் கொண்டுவந்தவர்கள் கூட்டம் கலையுமுன் அவரவர் கிளைச் செயலாளரிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரதி எடுத்ததும் திருப்பித் தரப்படும். பின்பக்கம் பெயர் எழுதுகிறவர்கள் பென்சிலால் எழுதுங்கள். மை நாளடைவில் முன்பக்கம் ஊறி முகத்தை அழித்துவிடும்.